ஹாக்கி துரை எங்கிருந்து வந்தார்?

சாமு,

சுகம் விசாரித்துத் தொடங்கலாம் என்றால், போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்துவிட்டுப் போனாய், சுகமாகத்தான் இருந்தாய். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த நேரத்தில் அப்பா கடிதம் எழுதினால் புத்தி சொல்லத்தான் எழுதுகிறார் என்று நினைப்பாய். அப்படியும் ஒன்றிரண்டு வரி வரலாம். ஆனால் அதற்காக உட்காரவில்லை. எனக்குள் ஒரு விஷயம் முடிச்சு விழுந்து கிடக்கிறது. எந்த நுனியைப் பிடித்து இழுத்தாலும் இன்னும் இறுகுகிறது. நான்கு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். "ஃபோன் போட்டு பேசிட்டுப் போங்களேன், இதுக்கு இன்னாத்துக்கு பேப்பரு" என்கிறாள் உன் அம்மா. ஃபோனில் நீ "சரிப்பா, ஒன்னும் இல்லப்பா, விடுங்கப்பா" என்று முடித்துவிடுவாய். காகிதத்தில் என்னை நடுவில் நிறுத்த உன்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பார்க்க, நம் மருமகளாகப் போகிற ஷீலாவைக் கூட்டி வந்தாய். நாட்றம்பள்ளியிலிருந்து அந்தப் பெண் வெயிலில் வந்திருந்தாள். உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் அன்வரும் வந்து சேர்ந்தான். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா தொரை, மாப்பிள்ளை களை வந்துடுச்சு போல" என்றான். ஷீலா உன்னைப் பார்த்து, "உங்கள ஏன் எல்லாரும் தொரைன்றாங்க?" என்று கேட்டாள். "தொரை இல்லம்மா, ஹாக்கி தொரை. அதான் முழுப் பேரு" என்றான் அன்வர். அவள் உடனே என் பக்கம் திரும்பி, "அது இன்னா கதை மாமா?" என்றாள். என் கையில் டீ டம்ளர் தட்டு இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "ஒன்னுமில்ல. ஸ்கூல்ல படிக்கறப்ப நான் ஒரு கத விட்டேன். எல்லார் முன்னாடியும் மாட்டிக்கிட்டேன். பேரு ஒட்டிக்கிச்சு." அவள் சிரித்தாள், நீயும் சிரித்தாய். அன்வர் சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு டீயைப் பார்த்தான். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். அந்தக் கதையை விட்டது நீ இல்லை, சாமு. நான்.

உனக்கு ஏழு வயது இருக்கும். என்னோடு வேலை செய்தவர் வீட்டுக் கல்யாணத்துக்காக நானும் நீயும் டவுன் பஸ்ஸில் மேல்விஷாரம் போனோம். உன் அம்மாவுக்கு அன்று ஆஸ்பத்திரி வார்டில் டூட்டி. ஊருக்குள் பஸ் நுழையும் இடத்தில் ஒரு மைதானம். பையன்கள் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். நீ ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டாய்: "ஹாக்கின்னா இன்னாப்பா?" "ஒரு ஆட்டம்" என்றேன். "ஆட்டம்னு தெரியும். கால்பந்துன்னா காலு, பந்து. கைப்பந்துன்னா கை, பந்து. ஹாக்கின்னா?" எனக்குத் தெரியவில்லை. அதுவரை அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர், அப்பன் என்ன சொல்லப் போகிறான் என்று கழுத்தைத் திருப்பினார். அவர் திரும்பியதால் சொன்னேனா, நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னேனா, இன்றுவரை குழப்பம்தான். "ஹாக்கின்றது ஒரு வெள்ளைக்கார தொரையோட பேரு. நம்ம வேலூர் கோட்டையில பட்டாளத்து அதிகாரி. சிப்பாய்ங்க வேலை இல்லாம சும்மா உட்கார்ந்து ஒருத்தனோட ஒருத்தன் சண்டை போட்டுக்கினு இருந்தாங்க. தொரை பார்த்தாரு. தன் கைத்தடியைத் திருப்பிப் புடிச்சு, கீழ கெடந்த தோல் பந்தை ஒரு தட்டு தட்டி, இதை ஆடுங்கடான்னாரு" என்றேன். பெரியவர் "அப்படியா" என்று தலையாட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். நீ மட்டும் விடவில்லை. துரைக்கு மீசை உண்டா, குதிரை உண்டா, பந்து அகழியில் விழுந்தால் யார் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாய். மீசை வைத்தேன். குதிரை கொடுத்தேன். அகழியில் முதலை விட்டேன். இரண்டு மூன்று வருஷத்தில் ஹாக்கி துரை நம் வீட்டில் ஒரு ஆளாகவே ஆகிவிட்டார். சாப்பிட அடம் பிடித்தால் அவரைத்தான் கூப்பிடுவேன்.

பொய் என்று நினைத்து நான் சொல்லவில்லை. உண்மை என்று நினைத்தும் சொல்லவில்லை. அது என் சுபாவம். ஆம்பூரில் முன்பின் தெரியாத தெருவுக்கு யாராவது வழி கேட்டால்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவேன். "தெரியலன்னு சொன்னா நாக்கு வெந்துடுமா?" என்று உன் அம்மா எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர் ஆனவன், தெரியாது என்று ஒரு தடவை சொன்னால் மறுநாள் கட்டிங் டேபிளில் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே இருபது வருஷம் ஓட்டிவிட்டேன். தோலில் ஏன் இந்தச் சுருக்கம் என்று சரக்கு வாங்க வந்த பையர் கேட்டால், அந்த நிமிஷமே ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பாதி நாள் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அது பலித்தும் இருக்கிறது. அங்கே பலித்ததை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

நீ பத்தாவது படித்தபோது, ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் குவிஸ் போட்டி நடந்தது. பள்ளிக்கு இரண்டு பேர். உங்கள் பள்ளிக்கு நீயும் அன்வரும்; நீ கேப்டன். ஜெயித்தால் மெட்ராஸுக்குக் கூட்டிப்போவார்கள் என்று இரண்டு பேரும் ஒரு மாதமாகப் புத்தகமும் கையுமாகத் திரிந்தீர்கள். நான் கம்பெனியில் பெர்மிஷன் போட்டுவிட்டு, யூனிஃபார்ம் சட்டையோடு வந்து மூன்றாவது வரிசையில் உங்கள் ஹெட்மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்மேல் அடித்த தோல் வாடைக்கு அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. கடைசியில் நீங்களும் இன்னொரு பள்ளியும் சமம். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. மைக்கில் அந்த காலேஜ் வாத்தியார் நிதானமாகக் கேட்டார்: "ஹாக்கி என்ற சொல் எப்படி வந்தது?"

கேள்வியைக் கேட்டதும் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அன்வர் உன் காதில் ஏதோ சொன்னான். ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி மடக்கி மடக்கிக் காட்டினான். மேல்விஷாரம் மைதானத்தில் ஹாக்கி ஆடி வளர்ந்தவன் அவன்; மட்டையின் வளைவைச் சொல்கிறான். நீ தலையை ஆட்டி மறுத்தாய். மைக்கை வாங்கி, வேலூர் கோட்டை, வேலையில்லாத சிப்பாய்கள், துரையின் கைத்தடி என்று ஒன்றுவிடாமல் சொன்னாய். முதலையைக்கூட விடவில்லை. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஹாலே சிரித்தது. வாத்தியாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தம்பி, இதை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். நீ மறுபடி என்னைப் பார்த்தாய். ஹெட்மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, "நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். "இல்ல சார். எங்கயாவது கதைப் புஸ்தகத்துல படிச்சிருப்பான்" என்றேன். என் வாய் பேசியது மேடைக்குக் கேட்டிருக்காது. தலை ஆடியதை நீ பார்த்தாய். உன் முகம் மாறவில்லை. கண் மட்டும் என்னை விட்டு மைக்குக்குப் போனது. நீ பேசுவதற்குள் அன்வர் மைக்கைப் பிடுங்கினான். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்ச பதில் சார். தப்பா இருந்தா ரெண்டு பேர் தப்பு" என்றான். சரியான பதில் தெரிந்த பதினைந்து வயசுப் பையன், தன்னுடையது அல்லாத தப்பில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கதையைக் கட்டிவிட்ட நாற்பத்திரண்டு வயசுக்காரன் மூன்றாவது வரிசையில் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேய்ப்பன் வைத்திருக்கும் வளைந்த கோலுக்குப் பழைய பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு, அதிலிருந்து வந்ததுதான் ஹாக்கி என்று வாத்தியார் படித்தார். அந்த இன்னொரு பள்ளிக்காரர்கள் மெட்ராஸ் போனார்கள்.

அன்வர் டீச்சரோடு போய்விட்டான். நீ என்னோடு வேலூர் பஸ் ஏறினாய். பள்ளிகொண்டா வந்ததும் கேட்டாய்: "அப்பா, அந்த தொரை நெஜமாவே இருந்தாரா?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் திரும்பிப் பார்க்கும் பெரியவர் யாரும் இல்லை. ஹெட்மாஸ்டரும் இல்லை. நானும் நீயும்தான். "இருந்தாருடா. ஒரு புஸ்தகத்துல படிச்சேன். பேரு ஞாபகம் வரல. வேலூர் கோட்டையைப் பத்தின புஸ்தகம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றா?

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாகாயத்து வீட்டிலிருந்து டவுன் லைப்ரரிக்குப் போனாய். பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று உன் அம்மா நினைத்தாள். ஒருநாள் உன் மேஜையில் ஒரு நோட்டைப் பார்த்தேன். வேலூர் கோட்டையைப் பற்றிய புத்தகங்களின் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. படித்து முடித்ததை எல்லாம் ஒரு கோடு போட்டு அடித்திருந்தாய். இல்லாத ஒரு புத்தகத்தை என் மகன் தேடிக்கொண்டிருந்தான். நான் அந்த நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கால் கழுவப் போனேன். இரண்டு மாதம் தேடினாய். ஒரு சனிக்கிழமை மழை பெய்தது, நீ போகவில்லை. அடுத்த சனிக்கிழமை மழை இல்லை. அப்போதும் போகவில்லை. அந்த நோட்டு பழைய பேப்பர்காரருக்குப் போடும் கட்டுக்குள் கிடந்தது.

அதோடு நீ என்னிடம் எதுவும் கேட்பதை விட்டுவிட்டாய். மரியாதைக்குக் குறை வைத்ததில்லை. மாத்திரை வாங்கி வந்தாய், கண் ஆபரேஷனுக்குக் கூட இருந்தாய். ஆனால் கேள்வி கேட்கவில்லை. பாலிடெக்னிக்கில் எந்தப் பிரிவு எடுப்பது என்று அன்வரைக் கேட்டாய். ஓசூரில் வேலை கிடைத்ததை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஷீலாவைப் பற்றியும் அப்படித்தான். வீட்டில் அப்பா என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. பையன் வளர்ந்தால் அப்படித்தான், எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் சொல்வதில் எனக்குத்தான் பழக்கம் ஜாஸ்தியாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன பிறகு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலையில் வேலூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண்ணிடம், "ஹாக்கின்ற வார்த்தை எப்படி வந்துச்சுன்னு பார்க்கணும்மா" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடித்துக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். மேய்ப்பனின் கோல் என்று இருந்தது. கொக்கி என்பதற்கான இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தது என்று இருந்தது. பீர் பீப்பாயின் தக்கையைப் பந்தாக வைத்து ஆடினார்கள், அந்த பீரின் பெயர்தான் ஆட்டத்துக்கும் வந்தது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அயர்லாந்தில் ஏதோ ஒரு ஊரின் பழைய சட்டத்தில் அதுபோல ஒரு சொல் இருக்கிறதாம். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. பனி கொட்டும் ஒரு தூர தேசத்துக் கோட்டையில், ஹாக்கி என்ற பெயருடைய ஒரு ராணுவ அதிகாரி, தன் சிப்பாய்களைச் சும்மா இருக்க விடாமல் இந்த ஆட்டத்தை ஆட வைத்தார், அவர் பெயரே ஆட்டத்துக்கு வந்தது என்று ஒரு கதை உலவுகிறதாம். அதற்கு ஆதாரம் இல்லை என்று அறிஞர்கள் ஒதுக்கிவிட்டார்களாம். கடைசியில், இந்தச் சொல் எப்படி வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று போட்டிருந்தது.

கோட்டை இருக்கிறது, சிப்பாய் இருக்கிறான், துரை இருக்கிறார். வேலூர் மட்டும்தான் இல்லை. அப்படியானால் நான் பஸ்ஸில் சொன்னது என்ன? நான் கட்டியதா? சின்ன வயதில் யாரிடமாவது கேட்டு மறந்துபோய், அது தானாக வாயில் வந்ததா? நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த தோல் மண்டியில் பட்டாளத்திலிருந்து வந்த ஒரு மேஸ்திரி இருந்தார். கதை சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொன்னாரா? எவ்வளவு முட்டிப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு ஹாலில் சரி என்று படித்த பதிலும் உறுதியில்லையாம். பின்னே எதற்காக உன்னைப் பார்த்து அத்தனை பேர் சிரித்தார்கள்? ஒன்றும் புரியாமல், அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மேல்விஷாரம் பஸ் ஏறினேன்.

அன்வர், கையுறை தைக்கும் தன் கிளவுஸ் பட்டறையில் தையல் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காராமலே காகிதத்தை நீட்டினேன். "பாருப்பா அன்வர். அந்த தொரை இருக்காரு. நான் சொன்னது முழுப் பொய் இல்ல." அவன் பொறுமையாக, உதடு அசைய, முழுவதும் படித்தான். மடித்து என் கையிலேயே கொடுத்தான்.

"இதைத்தான் அங்கிள் அவன் ரெண்டு மாசம் தேடினான்" என்றான்.

"ஆமாம்பா. நான் சொன்னதை நம்பித் தேடினான், பாவம்."

"நம்பல அங்கிள்."

அவன் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண்மணியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவனுக்கு அன்னைக்கே தெரியும். நீங்க தலை ஆட்டினப்பவே தெரிஞ்சு போச்சு. மறுநாள் கிளாஸ்ல என்கிட்ட சொன்னான். அப்புறம் இன்னாத்துக்குடா லைப்ரரி லைப்ரரின்னு அலையறேன்னு நான் சண்டையே போட்டேன். அதுக்கு அவன் சொன்னான், எங்கயாவது ஒரு புக்குல அப்படி ஒன்னு இருந்துட்டா, எங்கப்பா பொய் சொல்லலன்னு ஆயிடும் இல்லடா அப்படின்னான்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் தண்ணீர் கொடுத்தான். குடித்து முடித்ததும், "பேஜாராயிடாதீங்க அங்கிள். அவன் உங்க மேல கோவமா இல்ல. உங்களைக் கேட்டா நீங்க தெரியாதுன்னு சொல்ல மாட்டீங்க, பதில் சொல்ல வெச்சு உங்களை மாட்ட வெக்கக் கூடாதுன்னுதான் கேக்கறதில்ல" என்றான். இத்தனை வருஷமாக நீ என்னை ஒதுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். அது எனக்கு ஆறுதலா, இன்னும் பெரிய அவமானமா? அதுவும் விளங்கவில்லை. "இந்தப் பேப்பரை அவன்கிட்ட குடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "அது நீங்கதான் அங்கிள் முடிவு பண்ணனும்" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை இரண்டு தடவை மடித்தேன், இரண்டு தடவை பிரித்தேன். கொடுத்தால் நீ சந்தோஷப்படுவாய். அப்பா பொய் சொல்லவில்லை என்று உன் மனசு ஆறும். அதனாலேயே கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. காகிதத்தில் எந்த தேசத்துத் துரை இருந்தாலும், அந்த பஸ்ஸில் நான் தெரிந்து சொல்லவில்லை. ஹாலில் தலையாட்டியது எந்தப் புத்தகத்திலும் நியாயமாகாது. ஆற்காடு ரோட்டில் இறங்கியதும் கிழித்துப் போட்டுவிட்டேன். சரியாகச் செய்தேனா என்று கேட்டால், உறுதியில்லை. நீ வேண்டுமானால் நீயே தேடிப் படித்துக்கொள். அது இருப்பது நிஜம்.

புத்தி சொல்ல ஒன்றிரண்டு வரி வரும் என்றேன். இதுதான். ஷீலா உன்னிடம் எதையாவது கேட்பாள். எதிர்த்த வீட்டுக்காரன் பார்க்கிறான் என்பதற்காக, தெரியாததற்கெல்லாம் அவளுக்கு ஒரு பதில் சொல்லாதே. உங்களுக்குப் பிள்ளை பிறந்து, அதுவும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டால், எனக்குத் தெரியலடா, வா பார்க்கலாம் என்று சொல். அப்படிச் சொன்னால் பிள்ளை உன்னை மதிக்குமா மதிக்காதா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிப் பார்த்ததில்லை. இன்னொன்று. மற்றவர்களுக்காகப் பழியைச் சுமக்கும் பழக்கம் உனக்கும் அன்வருக்கும் இருக்கிறது. அது நல்ல குணம்தான். ஆனால் சுமக்க வைக்கிறவன் பழகிப்போய்விடுகிறான், சாமு. நான் பழகிப்போய்விட்டேன். அவளோடு வாழும்போது அந்த அளவுக்குச் சுமக்காதே. அவள் தப்பை அவளிடம் சொல். உன் தப்பை அவள் சொல்லக் கேள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. தபாலில் போட்டால் நீ படித்துவிட்டு, "ஒன்னும் இல்லப்பா" என்று ஃபோன் செய்வாய். வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஓசூர் வருகிறேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எதற்கென்று அவள் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "போய்ட்டு வாங்க" என்றாள். ஷீலாவையும் வரச் சொல். அவளும் படிக்கட்டும்; ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத்தான் கேட்டாள். நீங்கள் படிக்கிற நேரம் நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்ததும் விடுங்கப்பா என்று சொல்லாதே. பத்து வருஷமாகக் கேட்காமல் வைத்திருப்பதில் ஏதாவது ஒன்றைக் கேள்.

அப்பா